பாவும் புள்ளியும்: பன்மையை அளக்க ஒரு கணக்கு

அனகாபுத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



தலைப்பு கேட்டு வந்த நண்பர்கள், "எல்லாருக்கும் புரியும்படியாக ஏதாவது சொல்லுங்கள்" என்றார்கள். நான் 'என்ட்ரோபி' என்றேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து, "கவலைப்படாதீர்கள், தறியையும் கோலத்தையும் வைத்தே சொல்லிவிடுகிறேன்" என்று சேர்த்துக்கொண்டேன். புள்ளியியல் கற்பித்தே காலம் தள்ளியவன் நான். கரும்பலகை இல்லாமல் பேசுவது எனக்குச் சிரமம்தான். இருந்தாலும் கணக்கைக் காதாலேயே கேட்கலாம். கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும்.

இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழை, சணல், அன்னாசி, கற்றாழை, மூங்கில் என்று 25 வகை இயற்கை நார்களைச் சேர்த்து ஒரே சேலையாக நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்றது உங்களுக்குத் தெரியும். செய்தித்தாள்களில் எல்லாம் 25 என்ற எண்தான் கொட்டை எழுத்தில் வந்தது. எனக்கு உடனே தோன்றிய கேள்வி வேறு. எந்த நார் எவ்வளவு? சேலையில் பாதி பருத்தியாகவும், மீதிப் பாதியை 24 நார்கள் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதாகவும் ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வகை 25தான், மறுக்க முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழையைத் தொட்டால் இரண்டுக்கு ஒரு தடவை பருத்திதான் கையில் படும். 25 நாரும் சமபங்காக இருக்கும் சேலையும் இதுவும் ஒரே அளவு பன்மை கொண்டவை என்று சொன்னால் நெய்தவர்களே ஒப்பமாட்டார்கள்.

இந்த வேறுபாட்டை ஒரே எண்ணில் சொல்ல முடியுமா? முடியும் என்று 1948-இல் காட்டியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாட் ஷானன். அவருடைய கவலை தொலைபேசிக் கம்பியைப் பற்றியது. ஒரு செய்தியை அனுப்பக் குறைந்தபட்சம் எத்தனை 'ஆம்–இல்லை' தேவை என்பதே அவர் கேள்வி. விடை இப்படி அமைந்தது: ஒவ்வொரு வகையின் பங்கையும் அந்தப் பங்கின் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, முன்னால் உள்ள கழித்தல் குறியை நீக்கிவிடு. இந்த எண்ணுக்குத்தான் என்ட்ரோபி என்று பெயர். இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை என்றால் விடை 'பிட்' என்ற அலகில் வரும். நம் சேலைக்குப் பொருத்திப் பார்ப்போம். 25 நாரும் சமமாக இருந்தால் 4.64 பிட். பாதி பருத்தி என்றால் 3.29 பிட்.

பிட் கணக்கு வாய்க்கு வராதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இரண்டை அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்துங்கள். முதல் சேலைக்கு 25 வரும், இரண்டாவதற்கு 9.8 வரும். அதாவது பாதி பருத்தியான சேலை, பத்து நார்களைச் சமமாகக் கலந்த சேலைக்குக் கிட்டத்தட்ட ஈடு. காட்டில் எத்தனை வகைப் பறவை என்று எண்ணுகிற சூழலியலாளர்கள் 'செயல்படும் எண்ணிக்கை' என்று கணக்கிடுவது இதைத்தான். 1973-இல் ஹில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இதை ஒழுங்குபடுத்தினார். பேருக்கு 25, காரியத்துக்குப் பத்து. இன்றைய பேச்சில் வேறெதை மறந்தாலும் இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளியை மறக்க வேண்டாம்.

இந்தக் கணக்குக்கும் நம் பகுதிக்கும் பழைய தொடர்பு உண்டு. இங்கிருந்து பல்லாவரம் போய், ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசல் விட்டுக்கொடுத்தால் சீக்கிரமே எட்டிவிடக்கூடிய தூரத்தில் தாம்பரம். 1937-இல் அங்கே குடிபெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் துறையை வளர்த்தவர் கிஃப்ட் சிரோமணி. 1963-இல் அவர் தமிழ் உரைநடையின் என்ட்ரோபியைக் கணக்கிட்டு 'இன்ஃபர்மேஷன் அண்ட் கன்ட்ரோல்' என்ற ஆய்விதழில் வெளியிட்டார். கணினியைக் கண்ணால் பார்த்தவர்களே அரிது என்ற காலம் அது. தமிழுக்கு 247 எழுத்து. எல்லாம் சமமாக வந்தால் எழுத்துக்கு 7.95 பிட் வர வேண்டும். நடைமுறையில் 'க'வும் 'து'வும் வரியெங்கும் வருகின்றன, 'ஙௌ'வோ அகராதியில்கூடக் குந்த இடமில்லாமல் அலைகிறது. ஆகவே உண்மை மதிப்பு அதைவிட நன்றாகவே இறங்கும். கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் இதேபோன்ற குறிப்புகள் அதே இதழில் அந்த அறுபதுகளிலேயே வந்தன. 1964-இல் ராஜகோபாலன் என்பவரோடு சேர்ந்து கர்நாடக இசையின் பாணியையே தகவல் கணக்கில் அளந்து ஒரு கட்டுரை எழுதினார் சிரோமணி. கல்வெட்டு, சிந்துவெளி முத்திரை, கோலம் என்று அவர் கை வைக்காத துறை குறைவு. அத்தனையையும் ஒரு கல்லூரி அறையில் இருந்துகொண்டு செய்தார் என்பதை இங்குள்ள மாணவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

இனி தறிக்கு வருவோம். நாரின் பங்கு வரைக்கும் கணக்கு எளிது. நெசவில் பங்கு மட்டும் இல்லை, வரிசையும் உண்டு. கணிதத்தில் சேர்மானக் கட்டமைப்புகள் என்று சொல்வது இதைத்தான்: என்னென்ன இருக்கின்றன என்பதோடு, எது எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. தறியின் நீளவாட்டு இழைகளை, அதாவது பாவை, வரிசையாக ஓட்டுபவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு சாதாரணக் கட்டத் துணியின் பாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு 8 இழை, வெள்ளை 4, நீலம் 8, மறுபடி வெள்ளை 4. இந்த 24 இழையும் அகலம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்று நிறமும் எட்டு எட்டு. ஆக என்ட்ரோபி 1.58 பிட், மூன்று நிறத்துக்கு வரக்கூடிய உச்சம். இப்போது அதே நூலை எடுத்து, குருட்டாம்போக்கில் கலைத்துப் பாவு ஓட்டினால் என்ன ஆகும்? பங்கு மாறவில்லை, எனவே அதே 1.58. நல்ல கட்டத் துணிக்கும் நாசமான பாவுக்கும் ஒரே மதிப்பெண் தருகிற கணக்கை எந்தத் தறிகாரர் மதிப்பார்?

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். இந்த இழை சிவப்பு என்று தெரிந்தபின் அடுத்த இழை என்ன என்பதில் எவ்வளவு சந்தேகம் மிச்சம் இருக்கிறது? சிவப்பைத் தொட்டிருந்தால் எட்டில் ஏழு தடவை அடுத்ததும் சிவப்பு, ஒரு தடவை வெள்ளை. சந்தேகம் 0.54 பிட். நீலத்துக்கும் அப்படியே. வெள்ளையில்தான் குழப்பம்: எட்டில் ஆறு தடவை வெள்ளை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். 1.06 பிட். மூன்றையும் சராசரி எடுத்தால் 0.72. கலைத்துப்போட்ட பாவில் இந்த எண் குறையாமல் 1.58-ஐ ஒட்டியே நிற்கும். இப்போது இரண்டு துணியும் பிரிந்துவிட்டன. பாவு ஓட்டியவரையே கேட்டால்? அவருக்கு 24 இழையும் மனப்பாடம். எந்த இடத்தில் விட்டோம் என்று தெரிந்தால் போதும், அடுத்த இழை பற்றிச் சந்தேகமே கிடையாது. பூஜ்யம் பிட்.

ஒரே துணிக்கு 1.58, 0.72, பூஜ்யம் என மூன்று விடை, மூன்றும் சரி. பார்ப்பவருக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் இறங்குகிறது. என்ட்ரோபி பொருளுக்குள் உட்கார்ந்திருக்கும் எடை அன்று, பொருளையும் பார்ப்பவரையும் சேர்த்தே அது அளக்கிறது. எதை எண்ணினோம், எவ்வளவு தூரம் பின்னால் திரும்பிப் பார்த்தோம் என்று சொல்லாமல் 'இதன் என்ட்ரோபி இவ்வளவு' என்று முழங்கும் ஆய்வுக் கட்டுரைகளை நான் பாதியிலேயே மூடிவிடுவேன். அப்படிப்பட்ட கட்டுரைகள் நிறையவே வருகின்றன.

கோலத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே 12 இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிப் போகலாம், அல்லது வெட்டாமல் விலகிப் போகலாம். இரண்டில் ஒன்று, 12 தடவை: மொத்தம் 4096 சிக்குக் கோலம். ஐந்துக்கு ஐந்து என்றால் இடைவெளி 40. வரையக்கூடிய கோலம் ஒரு லட்சம் கோடிக்கு மேல். இதற்கு எந்தப் பங்கும் தேவையில்லை. மொத்த வாய்ப்புகளின் மடக்கையை எடுத்தாலே 12 பிட், 40 பிட் என்று வந்துவிடுகிறது. வியன்னாவில் இயற்பியலாளர் போல்ட்ஸ்மானின் கல்லறைமேல் செதுக்கியிருக்கும் சூத்திரம் இந்த மடக்கைதான்.

ஆனால் மார்கழியில் இந்த லட்சம் கோடியிலிருந்து யாரும் சீட்டுக் குலுக்கி எடுப்பதில்லை. நான்கு பக்கமும் ஒத்து வர வேண்டும், கம்பி ஒன்றாக முடிய வேண்டும், விடிவதற்குள் போட்டு முடிக்க வேண்டும். இத்தனை நிபந்தனைக்கும் உட்பட்டு வாசலில் விழும் கோலங்கள் எவ்வளவு பன்மை கொண்டவை? 2021-இல் டிரான், வேரிங் முதலிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள் 192 பேர் வரைந்த 3139 கோலங்களை எடுத்து இதைக் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு கோலத்தையும் கையின் அசைவுகளாகப் பிரித்து, எத்தனை விதமான அசைவு, அவை எவ்வளவு சமமாகக் கலந்திருக்கின்றன என்று எண்ணினார்கள். கோலம் சிறியதானாலும் பெரியதானாலும் என்ட்ரோபி பெரிதாக மாறவில்லை. அசைவின் வகை கூடும்போது சமம் குறைகிறது, சமம் கூடும்போது வகை குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி ஒரு நடுத்தரத்தில் வந்து நிற்கின்றன. யாரும் சொல்லிக்கொடுத்து இப்படி வரையவில்லை. வரைபவரின் சாதிக்கும் இந்த எண்ணுக்கும் வலுவான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ரசனையும் திறமையும் செலவிடும் நேரமும் நினைவின் எல்லையுமே காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

இதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே, 1974-இல், கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலத்தை வேறு வழியில் அணுகியிருந்தார்கள். கமலா பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். மூவரும் கோலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதினார்கள். சில விதிகள், தொடக்க வடிவம் ஒன்று. விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் கோலம் வளரும். கோலம் எவ்வளவு பெரிதானாலும் விதி பெரிதாகாது. பட இலக்கணம் என்ற கணினித் துறையில் இந்தக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தாம்பரத்திலேயே இரண்டு அளவையும் புழங்கியிருக்கிறது பாருங்கள். என்ட்ரோபி கண்ணுக்கு எவ்வளவு பன்மை தெரிகிறது என்று சொல்கிறது. இலக்கணம் அதை உண்டாக்க எவ்வளவு போதும் என்று சொல்கிறது. முதலாவது மிகப் பெரிதாகவும் இரண்டாவது மிகச் சிறிதாகவும் இருக்கலாம்.

கணுக்களும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக அமைந்த வலைப்பின்னல்களில் இந்த முரண் பெரிய தலைவலி. ரஷெவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1955-லேயே வலைப்பின்னல்களுக்குத் தகவல் கணக்கைப் பொருத்தினார். அன்று முதல் ஒவ்வொரு கணுவிலும் எத்தனை இணைப்பு வந்து சேர்கிறது என்று எண்ணி, அந்த எண்களின் பரவலுக்கு என்ட்ரோபி எடுப்பது வழக்கமான வழிகளில் ஒன்று. சிக்குக் கோலத்தை வலைப்பின்னலாகப் பாருங்கள். கம்பிகள் வெட்டும் இடம் கணு, நடுவில் ஓடும் கம்பி இணைப்பு. எந்தச் சிக்குக் கோலத்திலும் எந்தக் கணுவிலும் நான்கே இணைப்பு. எல்லாம் நான்கு என்றால் என்ட்ரோபி பூஜ்யம். லட்சம் கோடி வடிவமும் இந்த அளவுகோலுக்கு ஒன்றே! மறுபுறம், 2017-இல் ஜெனில் குழுவினர் ஒரு வலைப்பின்னலைக் கட்டிக் காட்டினார்கள். அதன் இணைப்பு எண்கள் அநேகமாக ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் என்ட்ரோபி உச்சத்தை ஒட்டி நிற்கும், ஆனால் அதை உண்டாக்கும் விதி நாலு வரிதான். ஒன்றில் அளவுகோலுக்குக் கண் தெரியவில்லை, மற்றதில் அது ஏமாந்தது.

இப்படிச் சொன்னதால் வலைப்பின்னலில் என்ட்ரோபி பயனற்றது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியான இடத்தில் கேட்டால் அது சொல்கிற பதில் நம் வயிற்றையே தொடும். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: எழுபதுகள் வரை இந்த ஊர்த் தறிகளில் பெரும்பாலானவை 'ரியல் மெட்ராஸ் கைக்குட்டை' என்ற கட்டத் துணிக்கே ஓடின. பெயர்தான் கைக்குட்டை. வாங்கியவர்கள் அதை இடுப்பில் உடுத்தினார்கள், தலையில் கட்டினார்கள். துணி போன இடம் நைஜீரியா. அந்த நாடு இறக்குமதிக் கதவை மூடியதும் இங்கே தறி நின்றது.

ஒரு நெசவாளருக்கு நான்கு வியாபாரிகள், நால்வரும் சமமாக எடுக்கிறார்கள் என்றால் 2 பிட், செயல்படும் எண்ணிக்கை நான்கு. அதே நால்வரில் ஒருவர் நூற்றுக்கு 85 எடுத்து மற்ற மூவரும் ஐந்து ஐந்து எடுத்தால் 0.85 பிட், செயல்படும் எண்ணிக்கை 1.8. கையில் நான்கு பேர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு பேர்கூட இல்லை. இதை ஊர் அளவுக்கு விரித்துப் பாருங்கள். தறி எத்தனை இருந்தாலும், நூல் கொடுக்கும் முதலாளி எத்தனை பேர் இருந்தாலும், துணி கடைசியில் போய்ச் சேரும் துறைமுகம் ஒன்றே என்றால் அந்த முனையில் என்ட்ரோபி பூஜ்யம். கதவு மூடுவதற்கு முன்பே அந்த எண் அங்கே இருந்தது, எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. நேதன் ஈகிள் குழுவினர் 2010-இல் 'சயின்ஸ்' இதழில் இதே கணக்கைப் பிரிட்டன் முழுவதற்கும் போட்டார்கள். 2005 ஆகஸ்ட் மாதத்துத் தொலைபேசி அழைப்புகளை எடுத்து, ஒவ்வொருவரும் தம் பேச்சை எத்தனை பேரிடம் எவ்வளவு சமமாகப் பகிர்கிறார்கள் என்று அளந்தார்கள். வசதியான பகுதிகளில் இந்தப் பன்மை கூடுதலாக இருந்தது. பன்மையால் வசதி வந்ததா, வசதியால் பன்மை வந்ததா என்பதை அந்தத் தரவு சொல்லவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

பன்மை கூடக்கூட நல்லது என்றும் நான் சொல்லவில்லை. இருபது பேருக்கு இருபது மாதிரி நெய்ய ஒப்புக்கொண்டவர், பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துக்கொண்டே வாரத்தைக் கழிப்பார். கூலி நெய்த துணிக்குத்தான், பிணைத்த நேரத்துக்கு யாரும் பைசா தருவதில்லை. கோலத்தில் பார்த்த அந்த நடுத்தரம் இங்கும் தேவைப்படுகிறது. அது எங்கே என்பதைக் கணக்கு தானாகச் சொல்லாது, தறியில் உட்கார்ந்தவரைக் கேட்க வேண்டும்.

நைஜீரியாவை விட்டுப் போகுமுன் ஒரு சங்கதி. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் களபாரி மக்கள் நம் கட்டத் துணியை 'இஞ்சிரி' என்று அழைத்துப் போற்றினார்கள். அப்படியே உடுத்திக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் துணியிலிருந்து குறிப்பிட்ட இழைகளைக் கவனமாக வெட்டி, உருவி எடுத்து, வேறொரு வடிவம் தோன்றச் செய்தார்கள். 'பெலெடே பிட்டே' என்று அதற்குப் பெயர். இங்கே ஒருவர் இழை இழையாகச் சேர்க்கிறார், அங்கே ஒருவர் இழை இழையாக எடுக்கிறார். எடுத்தால் பன்மை குறையும் என்றுதானே நினைப்போம்? நம் 24 இழையில் வெள்ளை முழுவதையும் உருவினால் மிச்சம் சிவப்பும் நீலமும், 1 பிட். ஆனால் வெற்றிடமும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு நிறம்தான். அதையும் எண்ணினால் மறுபடி 1.58. ஒரு வெள்ளைப் பட்டையை விட்டுவைத்து மற்றதை மட்டும் உருவிப் பாருங்கள். சிவப்பு 8, வெள்ளை 4, நீலம் 8, வெற்றிடம் 4. இப்போது 1.92 பிட்! இழையைக் கழித்துப் பன்மையைக் கூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்களின் கைவேலையைக் கணக்கில் பிடிக்க வேண்டுமென்றால் இல்லாததையும் எண்ணத் தெரிய வேண்டும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. ஷானன் கணக்குக்குச் சிவப்பும் அரக்கும் இரண்டு வகை, சிவப்பும் பச்சையும் இரண்டு வகை. எது எதற்குக் கிட்டம் என்று அதற்குத் தெரியாது. 1982-இல் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் இதைச் சரிசெய்தார். கண்ணை மூடி இரண்டு இழை எடு, இரண்டுக்கும் சராசரி எவ்வளவு வேற்றுமை என்று பார். 'இருபடி என்ட்ரோபி' என்று வழங்கும் இந்த அளவையை இன்று உலகெங்கும் சூழலியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். நிறம் தெரிந்த ஊர் இது. இந்த ஊர்த் துணியை அளக்க ஷானனைவிட ராவின் வழியே பொருத்தம் என்பது என் கட்சி.

அளப்பதற்கு முதலில் அளக்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? 3139 கோலத்தையும் யாரோ உட்கார்ந்து சேகரித்ததால்தான் அந்த ஆய்வு நடந்தது. அனகாபுத்தூர், பம்மல், குன்றத்தூர் பக்கத்துப் பழைய வீடுகளில் ஏற்றுமதிக் காலத்துக் கட்டத் துணித் துண்டுகள் பெட்டிக்குள் இன்னும் கிடக்கலாம். பாவு ஓட்டிய பெரியவர்களின் நினைவில் எத்தனை மாதிரிகளின் இழை வரிசை இருக்கிறது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். புகைப்படம் எடுத்தால் நிறம் கிடைக்கும், வரிசை முழுதாகக் கிடைக்காது. மாணவர்களே, பூதக்கண்ணாடியும் ஒரு குண்டூசியும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு போங்கள். சிவப்பு எத்தனை, அடுத்து என்ன, எத்தனை என்று இழை இழையாக எண்ணி எழுதுங்கள். பக்கத்தில் அந்த மாதிரியை வீட்டில் என்ன பெயரிட்டு அழைத்தார்கள், யாருக்காக நெய்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு பக்கம் போதும். கணக்கை அப்புறம் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இழை வரிசை சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.